லோக்கல் கார்டியன்

என்னைக் கோபக்காரன் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும். இருபத்திரண்டு வருஷம் ஸ்டியரிங் பிடித்தவனுக்குக் கோபம் வராமல் வேறென்ன வரும்? மதுராந்தகம் தாண்டி ஏரிப்பாசனத்தில் எங்கள் ஊர். கொஞ்சம் நிலம் இருக்கிறது, தம்பி பார்த்துக்கொள்கிறான். நான் சிங்கப்பெருமாள் கோயிலில் கம்பெனி பஸ் ஓட்டுகிறேன். அங்கே வாடகை ரூம்களில் தங்கியிருக்கும் பிள்ளைகளை ஷிப்டுக்கு ஏற்றிக்கொண்டு போய் இறக்குவதும், ஷிப்டு முடிந்தவர்களைத் திரும்பக் கொண்டுவந்து விடுவதும்தான் வேலை. பெயர் ராஜாராம்.

எனக்கு ஒரே மகள், கீர்த்தனா. என் மனைவி பெயர் வேண்டா. அவள் பிறந்த வீட்டில் அவள் நாலாவது பெண். இதோடு பொட்டப்பிள்ளை போதும் சாமி என்று அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். ஆதார் கார்டிலும் அதுதான். எனக்கு மகள் பிறந்ததும் மதுராந்தகம் கடைத்தெருவில் பெயர்ப் புத்தகம் ஒன்று வாங்கிவந்து, பதினோரு நாள் புரட்டி, கீர்த்தனா என்று வைத்தேன். எதற்குச் சொல்கிறேன் என்றால், மகள்மேல் பாசமில்லாத பயல் என்று என்னை யாரும் நினைத்துவிடக் கூடாது. பாசத்துக்குக் குறைச்சல் இல்லை.

பாலிடெக்னிக் முடித்து நேராக இரண்டாம் வருஷ இன்ஜினியரிங்கில் சேர்ந்தாள். லேட்டரல் என்று சொல்கிறார்கள். காலேஜ் திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில். மற்ற பிள்ளைகள் முதல் வருஷத்திலிருந்து ஒன்றாகப் படித்து, ஜோடி ஜோடியாக ரூம் பிடித்து உட்கார்ந்துவிட்ட பிறகு, ஆகஸ்டு மாசத்தில் இவள் போய் நிற்கிறாள். பந்தி முடிந்த பிறகு இலை கேட்டவள் கதைதான்.

எங்கே தங்குவது? மூன்று வழி இருந்தது. வீட்டிலிருந்தே போய்வரலாம். அதைத்தான் முதலில் செய்தோம். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, மதுராந்தகத்தில் ஒரு பஸ், செங்கல்பட்டில் ஒரு பஸ், திரும்பி வீடு வரும்போது ராத்திரி எட்டு. இரண்டு வாரத்தில் பிள்ளை பாதியாக இளைத்துவிட்டாள். சோற்றுத்தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கினாள். "இது வேலைக்காவாது" என்றாள் வேண்டா. சரி என்றேன்.

இரண்டாவது, ஜாய்ஸ் சொன்ன இடம். ஜாய்ஸ் இவளோடு பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். அவளுக்கும் அதே காலேஜில் லேட்டரலில் இடம் கிடைத்திருந்தது. திருக்கழுக்குன்றத்தில் அவள் சித்தி மார்கரெட் வீட்டு மாடியில் ஒரு ரூம் சும்மா கிடக்கிறது, இரண்டு பேரும் தங்கிக்கொள்ளலாம், சித்தியே சமைத்துப் போடுவாள், காலேஜுக்கு இருபது நிமிஷம். சித்தி ஒரு கிளினிக்கில் நர்ஸ். புருஷன் இல்லை. வீட்டில் ஆம்பளை என்று யாரும் கிடையாது.

போய்ப் பார்த்தோம். தெருமுனை டீக்கடையில் வழி கேட்டேன். "சர்ச்சுக்குப் பின்னால, காலனில போய்க் கேளுங்க" என்றான். அந்த ஒரு சொல்லிலேயே என் மனசு மூடிக்கொண்டது. ஆனால் மகள் முன்னால் அதைச் சொல்ல முடியுமா? மாடி ஏறிப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டு கட்டில், இரண்டு மேஜை, ஜன்னலுக்குக் கொசுவலை அடித்திருந்தது. மார்கரெட் டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தாள்.

"வேணாம்மா, இப்பதான் குடிச்சிட்டு வந்தோம்" என்றேன்.

கீர்த்தனா எடுத்துக் குடித்தாள். பிஸ்கட்டையும் தொட்டுத் தின்றாள். என் போனில் மார்கரெட் நம்பரை அவளே போட்டு, 'மாடி ரூம்' என்று பெயர் வைத்தாள். திரும்பி வரும்போது கேட்டேன்.

"உனக்கு இன்னா அவ்ளோ தாகம்?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. செங்கல்பட்டு வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் நின்று, "ஜாய்ஸ் நம்ம வூட்டுக்கு வந்தா வாசல்லயே ஒக்கார வெச்சீங்களேப்பா, அப்பவே எனக்குத் தெரியும்" என்றாள்.

"நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. உனக்கு ஒண்ணும் தெரியாது, வாய மூடிகினு வா" என்றேன்.

நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். நானே அந்த நாலு பேரில் ஒருத்தன். பஸ்ஸை நிறுத்திவிட்டு டிரைவர்கள் டீக்கடையில் உட்கார்ந்தால், ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற பெண்களைப் பற்றித்தான் பேச்சு. பார்த்திபன் என்று ஒருத்தன் இருக்கிறான், என் பஸ்ஸுக்கு அடுத்த பஸ். எந்தப் பெண் எவனோடு வண்டியில் போனாள் என்று அவன் வாயில்தான் முதலில் வரும். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன், இரண்டு வார்த்தை கூட்டியும் சொல்லியிருக்கிறேன். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அந்த வாயில் என் மகள் பெயர் விழக் கூடாது. அதுவும் காலனி வீட்டு மாடியில் இருக்கிறாள் என்று எங்கள் ஆட்களுக்குத் தெரிந்தால், நாளைக்கு அவளுக்கு மாப்பிள்ளை கேட்டு எவன் வருவான்? இதுதான் என் கணக்கு. மறைக்க என்ன இருக்கிறது.

மூன்றாவது, காலேஜ் ஹாஸ்டல். பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. பத்தடி மதில், மேலே முள்கம்பி, இரும்புக் கேட், வாட்ச்மேன், கேமரா. மாடி ரூம்களெல்லாம் நிரம்பிவிட்டன என்று கீழ்த்தளத்தில் கடைசி ரூமைக் கொடுத்தார்கள். இரண்டு கட்டில் இருந்தது, இன்னொன்றுக்கு ஆள் வரவில்லை. ஜன்னலுக்குக் கம்பி இருக்கிறதா என்று பிடித்து ஆட்டிப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது. அந்த ஜன்னலுக்கு வெளியே மூடி உடைந்த தண்ணீர்த் தொட்டி ஒன்று கிடந்தது. அதை நான் பார்க்கவில்லை. கீர்த்தனா பார்த்தாள்.

"பகல்லயே கொசு மொய்க்குதுப்பா."

"கொசுவத்தி வாங்கித் தரேன்."

வார்டன் பெயர் சுஜாதா. மரியாதையான அம்மாள். ஒரு பாரம் கொடுத்து நிரப்பச் சொன்னார். எல்லாம் எழுதிவிட்டேன். ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

"லோக்கல் கார்டியன் பேர் போடணும் சார். அவசரம்னா நீங்க வந்து சேர்றதுக்குள்ள ஒருத்தர் வந்து கூட்டிட்டுப் போகணும் இல்லையா, அதுக்குத்தான். இதுல பேர் இருந்தாத்தான் அனுப்புவோம்."

"ஜாய்ஸ் சித்தி பேரு போடுப்பா, பக்கத்துலயே கீறாங்க" என்றாள் கீர்த்தனா.

நான் அந்தக் கட்டத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்து, 'யாரும் இல்லை. தந்தை மட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போட்டதோடு நின்றேனா? "மேடம், என் போன் வந்தாத்தான் இவள வெளிய வுடணும். வேற யார் வந்து நின்னாலும் வுடாதீங்க" என்று வாட்ச்மேனுக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னேன். எல்லா அப்பாவும் உங்களை மாதிரி இருந்தால் எங்களுக்குக் கஷ்டமே இல்லை என்றார் வார்டன். அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

முதல் மாசம் முழுக்க ஒரே புலம்பல். "யாரும் எங்கூட பேச மாட்றாங்கப்பா. அவங்கல்லாம் ஒரு செட்டா கீறாங்க. கிளாஸ்ல ஜாய்ஸ் ஒருத்திதான். சாயங்காலமானா அவளும் வூட்டுக்குப் பூட்றா, நான் தனியா கெடக்கறேன்." எல்லாம் பழகிவிடும் என்றேன். செப்டம்பரில் ஒரு நாள் வயிற்றுவலி தாங்கவில்லை என்று போன் வந்தது. பாதி ஷிப்டில் பஸ்ஸைப் பார்த்திபனிடம் கொடுத்துவிட்டு பைக்கில் பறந்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் நன்றாக நின்றுகொண்டிருந்தாள்.

"வலி இப்ப எங்க?"

"சும்மாதான்பா. உன்ன பாக்கணும்போல இருந்துச்சி."

வேறு அப்பனாக இருந்தால் கட்டிப் பிடித்திருப்பான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நாலு பிள்ளைகள் பார்க்கக் கத்தினேன். "இன்னா நெனச்சிகினு கீற? வேலய வுட்டுட்டு ஓடியாறேன், உனக்கு வெளயாட்டா? இனிமே உசுரு போற மாதிரி இருந்தாத்தான் எனக்குப் போன் பண்ணணும்." ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள். அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு அவளாகப் போன் செய்யவில்லை. நாங்கள் செய்தால் பேசுவாள்.

அக்டோபரில் மழை பிடித்தது. ஒரு திங்கட்கிழமை காய்ச்சல் வந்திருக்கிறது. வார்டன் மாத்திரை கொடுத்திருக்கிறார். புதன்கிழமை வேண்டா போன் செய்தபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. நான் வாங்கிப் பேசினேன். "தலைய வலிக்குதுப்பா, கண்ணத் தொறக்க முடில. வூட்டுக்கு வரட்டா?" என்றாள். மறுநாள் அவளுக்குப் பரீட்சை என்று எனக்குத் தெரியும். "பரிச்சன்னாலே உனக்குக் காச்சல் வந்துடுமே" என்றேன்.  வியாழக்கிழமை மத்தியானம் வார்டன் கூப்பிட்டார். காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் சோர்ந்து கிடக்கிறாள், வந்து அழைத்துப் போய் ஓய்வில் வையுங்கள் என்றார். நாளைக் காலையில் லீவு போட்டுவிட்டு வருகிறேன் என்றேன். வேண்டா இப்போதே போகலாம் என்றாள். "காச்சல்தான் வுட்டுப்போச்சின்றாங்களே" என்று அடக்கினேன்.

அன்று சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும். சிங்கப்பெருமாள் கோயில் டீக்கடையில் ஆறேழு டிரைவர்கள் நின்றிருந்தோம். என் போன் அடித்தது. 'மாடி ரூம்' என்று வந்தது.

"சார், நான் மார்கரெட், ஜாய்ஸ் சித்தி பேசறேன். ஹாஸ்டல் வாசல் ரோட்டாண்ட நிக்கறேன் சார். ஜாய்ஸ் சொன்னா, ஓடியாந்தேன். பாப்பாவ கேட்டாண்டயே ஒக்கார வெச்சிப் பாத்தேன். காச்சல் வுட்டுச்சின்றாங்க, இந்த நேரத்துலதான் சார் ஆபத்து. கை காலு சில்லுனு கீது, ஈறுல ரத்தம் வருது. இப்பவே செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு இட்டுகினு போவணும். ஆட்டோ ரெடியா கீது. வார்டனும் இல்ல, என் பேரு எழுதலன்னு வாட்ச்மேன் வுட மாட்றாரு. அவராண்ட போயி போன குடுக்கறேன், ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க சார்."

பக்கத்திலிருந்து பார்த்திபன் கண்ணடித்தான். "இன்னா அண்ணாத்த, லேடீஸ் கொரலா கீது? வூட்ல தெரியுமா?" எல்லாரும் சிரித்தார்கள்.

மத்தியானம் போன் செய்த வார்டன் காய்ச்சல் விட்டது என்கிறார், இவள் என்னடா என்றால் ஆஸ்பத்திரி என்கிறாள். கீர்த்தனா, ஜாய்ஸ், இவள், மூன்று பேரும் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டு மாடி ரூமுக்குக் கூட்டிப்போகப் பார்க்கிறார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. அதுதான் பட்டதா, இல்லை அந்தச் சிரிப்பு முன்னால் நான் ஆம்பளையாக நிற்க வேண்டியிருந்ததா, இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"என் பொண்ணு மேல உனக்கு இன்னாமா அவ்ளோ அக்கற? அவ அப்பன் நான் உசுரோடதான் கீறேன். உன் ஜோலியப் பாத்துகினு போ" என்றேன். அதோடும் விடவில்லை. அவள் சாதியைச் சொல்லி ஒரு வார்த்தை சொன்னேன். எங்கள் அப்பன் காலத்தில் களத்துமேட்டில் கேட்ட வார்த்தை. அதை இங்கே எழுத மாட்டேன்.

அவள் போனை வைக்கவில்லை. "என்ன இன்னா வேணா சொல்லுங்க சார். புள்ளய வுடச் சொல்லுங்க" என்றாள்.

கட் செய்தேன். மறுபடி இரண்டு தரம் அடித்தது. சத்தத்தை நிறுத்திச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். "கரீட்டா குடுத்த அண்ணாத்த" என்று பார்த்திபன் முதுகில் தட்டினான். அவன் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தேன்.

வெள்ளிக்கிழமை விடிகிற நேரத்தில் வார்டன் அழுதுகொண்டே கூப்பிட்டார். பாத்ரூம் வாசலில் விழுந்து கிடந்தாளாம். காலேஜ் வேனில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். நானும் வேண்டாவும் போனபோது உயிர் இருந்தது. கண் பாதி திறந்திருந்தது, பார்வை இல்லை. கால்மாட்டில் மார்கரெட் நின்று அவள் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் விலகிச் சுவரோரம் போய் நின்றாள். நான் மகளின் காதில் குனிந்து, "ஜாய்ஸ் வூட்டுக்கே போலாம்மா. மாடி ரூமே எடுத்துக்கலாம். எந்திரி கண்ணு" என்றேன். எத்தனை தரம் சொன்னேன் என்று தெரியாது. ஒன்பதே காலுக்குத் துணியை முகத்துக்கு இழுத்தார்கள்.

டாக்டர் சின்னப் பையன். அவன் கண்ணும் கலங்கியிருந்தது. "டெங்கு. நேத்து சாயங்காலம் கொண்டுவந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்றான். நேத்து சாயங்காலம், நேத்து சாயங்காலம் என்று வேண்டா அதையே சொல்லிச் சொல்லி மாரில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் எங்கள் ஆட்கள் மூன்று வேனில் வந்தார்கள். காலேஜ் வாசலில் மறியல். மாமல்லபுரம் பார்க்கப் போகிற கார்களெல்லாம் இரண்டு பக்கமும் நின்றுவிட்டன. எல்லாரையும்விட நான்தான் அதிகம் கத்தினேன். என் பிள்ளையைப் பூட்டி வைத்துக் கொன்றுவிட்டீர்கள் என்று ரோட்டில் புரண்டேன். பிரின்சிபால் ஒரு பைலைக் கொண்டுவந்து இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தார். அவர் அந்தப் பாரத்தை எடுத்து எல்லாருக்கும் கேட்கப் படித்தார். "யாரும் இல்லை. தந்தை மட்டும். இது உன் கையெழுத்துதானேப்பா?"

என் கையெழுத்துதான். கூட்டம் கொஞ்ச நேரம் முணுமுணுத்தது. பிறகு என் தம்பி, "பொண்ணப் பெத்தவன் எவனா இருந்தாலும் அப்டித்தான்யா எழுதுவான்" என்றான். ஆமாம் ஆமாம் என்றார்கள். அதற்கு எனக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் மார்கரெட்டும் ஜாய்ஸும் நின்றிருந்தார்கள். மார்கரெட் வாய் திறந்தால் என் கதை முடிந்தது என்று காத்திருந்தேன். அவள் திறக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அவர்கள் இரண்டு பேரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஹாஸ்டல் ரூமிலிருந்த கீர்த்தனாவின் நோட்டுகள், படம் வரைகிற டிராப்டர், ஒரு சால்வை, எல்லாவற்றையும் ஜாய்ஸ் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். வேண்டா அவர்களை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டாள். காபி போட்டு, காரியத்துக்கு வாங்கி மிச்சமிருந்த பேப்பர் கப்பில் ஊற்றி வைத்தாள். சால்வையை முகத்தில் வைத்து அழுதாள். ஜாய்ஸும் அழுதாள்.

"கடைசியா உங்ககூட இன்னாமா பேசுச்சி?" என்று வேண்டா கேட்டாள்.

"வியாழக்கெழம சாயங்காலம் கேட்டாண்ட என் தோள்லதான் சாஞ்சிகினு இருந்தா ஆன்டி. சித்தி ஆட்டோ கூட இட்டாந்தாங்க. வாட்ச்மேன் வுடல."

வேண்டா நிமிர்ந்தாள். "வியாழக்கெழம சாயங்காலமா?" அவள் கண் மார்கரெட் பக்கம் திரும்பியது. "நீ வந்தியா? பாத்தியா? பாத்துட்டு எங்களுக்கு ஒரு போன் பண்ணக் கூடாதாம்மா?"

"சித்தி பண்ணாங்களே ஆன்டி, ரோட்டாண்ட போயி..." என்று ஜாய்ஸ் ஆரம்பித்தாள்.

"லைன் போவலம்மா" என்றாள் மார்கரெட். அன்றைக்கு வாட்ச்மேனிடமும் அந்தப் பிள்ளையிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் சொன்ன வார்த்தையை இன்னொருத்தரிடம் திருப்பிச் சொல்ல அவளுக்கு வாய் வந்திருக்காது.

வேண்டா என்னைப் பார்த்தாள். பதினேழு நாளாக அவள் என் முகத்தை நேராகப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள்.

"இன்னாய்யா, உனக்குப் போன் வந்துச்சா?"

மார்கரெட்டும் என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. சொல்லிவிடு என்பதுபோல்தான் இருந்தது. போன் என் சட்டைப் பையிலேயே இருந்தது. மூன்று அழைப்பும் அதில் இருந்தன.

"வரல" என்றேன்.

வேண்டா திரும்பினாள். "இன்னொரு வாட்டி பண்றதுக்கு உனக்கு இன்னாடி கேடு? நர்ஸு வேலதான செய்ற? உன் வூட்டுப் புள்ளயா இருந்தா வுட்டுட்டுப் போவியா? ஒரே ஒரு போனு. என் கொயந்த பொயச்சிருக்குமேடி, பாவி!"

மார்கரெட் எழுந்தாள். ஜாய்ஸ் கையைப் பிடித்துக்கொண்டாள். "பண்ணியிருக்கணும்மா. என் தப்புதான்" என்றாள். காபியைத் தொடவில்லை. ஜாய்ஸ் என்னையே பார்த்துக்கொண்டு போனாள்.

வேண்டா தெருவரை ஓடி, அவர்கள் பஸ் ஏறப் போகிற வழியெல்லாம் கேட்கும்படி மண்ணை வாரித் தூற்றிச் சாபம் விட்டாள். அக்கம்பக்கத்தார் வெளியே வந்து, இதெல்லாம் ஒரு ஜென்மமா என்று அந்தப் பொம்பளையைச் சேர்ந்து திட்டினார்கள். நான் எழுந்து போய்த் தடுக்கவில்லை.